வணிக நம்பிக்கையும் நியாயஸ்தலமும்: மதுரைச் சீமையின் அநுபவம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய ஒரு சரக்குப் பெட்டகத்தை, அதன் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்றோ, சரக்கின் வகையை மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்றோ ஐயுற்றுச் சுங்க இலாகா நிறுத்தி வைக்குமானால், அதை வரவழைத்த வியாபாரிக்கு அன்று முதல் இரண்டு கணக்குகள் ஓடத் தொடங்குகின்றன: பெட்டகத்துக்கும் அது கிடக்கும் இடத்துக்கும் நாள்தோறும் ஏறும் வாடகை ஒன்று, சரக்குக்காக வங்கியில் வாங்கிய கடனுக்கு ஏறும் வட்டி மற்றொன்று. விசாரணை முடியுமுன்பே பத்திரமும் வங்கி உத்தரவாதமும் பெற்றுக்கொண்டு சரக்கைத் தற்காலிகமாக விடுவிப்பதற்குச் சுங்கச் சட்டத்தின் 110-ஏ பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் அதற்கான மனுவுக்கு அதிகாரி பதில் சொல்லாமல் காலங்கடத்தினாலோ, தாங்க முடியாத நிபந்தனை விதித்தாலோ, வியாபாரி பெரும்பாலும் விரைந்து நாடுவது உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தைத்தான். 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதிக்கு முன்னர் அந்த உயர் நீதிமன்றம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் சென்னையில் மட்டுமே இருந்தது. அன்று முதல் அதன் மதுரைக் கிளை சுமார் 150 கிலோமீட்டரில், யானைமலையின் அருகே, மேலூர்ச் சாலையிலுள்ள உலகநேரியில் இருக்கிறது. இந்தத் தூரக் குறைவு வணிகத்துக்கு என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது, இன்னும் எது செய்யப்பட வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நஷ்டத்துக்கு அஞ்சி எவரும் வியாபாரத்தைக் கைவிடுவதில்லை. மழை பொய்க்கும், விலை சரியும், கப்பல் தாமதிக்கும் என்பதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் விலை சொல்கிறார்கள். கணக்கில் வைக்க முடியாதது ஒன்றுதான்: கொடுத்த வாக்கை எதிராளி மீறினால், நியாயம் கிடைக்க எத்தனை காலம் ஆகும் என்பது. ஓராண்டு என்று நிச்சயமாகத் தெரிந்தால் வியாபாரி அதற்கேற்ப விலையை ஏற்றிக்கொள்வார். பத்தாண்டும் ஆகலாம், இருபதாண்டும் ஆகலாம் என்றால், அறிமுகமில்லாதவரோடு வியாபாரம் செய்வதையே விட்டுவிடுவார். ஆகவே நீதிமன்றச் சீர்திருத்தம் வணிக நம்பிக்கையை வளர்க்கிறது என்று பொதுவாகச் சொல்வதைவிட, அண்மை, கால வரையறை, தீர்ப்பின் நிறைவேற்றம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் அந்த நம்பிக்கை பிறக்கிறது என்று சொல்வதே பொருந்தும்.

பழைய ஏற்பாடு

நியாயஸ்தலம் இல்லாத காலத்திலும் இந்தச் சீமையிலிருந்து கடல் கடந்த வணிகம் நடந்தது. சிவகங்கைச் சீமையின் பிரான்மலையில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, பல திசைகளையும் சேர்ந்த வணிகக் குழுவினர் ஒன்றுகூடி, தங்கள் சரக்குகளின் மீது ஒரு பங்கைக் கோயிலுக்கு அளிக்க இசைந்ததைத் தெரிவிக்கிறது. அதற்கு முன்னரே, 1088-ஆம் ஆண்டில், ஐந்நூற்றுவர் என்னும் பெருங்குழு சுமத்ரா தீவின் லோபு துவாவில் தமிழில் கல்வெட்டுப் பொறித்தது. இத்தகைய குழுக்களுக்குத் தம் உறுப்பினர்மீது வரி விதிக்கவும் கட்டுப்பாடு செலுத்தவும் ஆற்றல் இருந்தது. வாக்குத் தவறியவரைக் குழுவிலிருந்து விலக்குவதே அக்காலத்தின் கடுமையான தண்டனை. பிற்காலத்தில் விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் உறவின்முறை என்னும் சமூகச் சபையும் மகமை என்னும் அதன் பொதுநிதியும், செட்டிநாட்டில் நகரத்தாரின் கோயில் வழிக் கட்டுக்கோப்பும் ஏறத்தாழ இதே பணியைச் செய்துவந்தன. ஒருவர் கொடுத்த வாக்குக்கு அவருடைய குடும்பப் பெயரே ஈடாக நின்றது.

இந்த ஏற்பாட்டின் மாண்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. உறவுக்குள்ளும் ஊருக்குள்ளும் அது ஆணையாக நடக்கும். அறிமுகமில்லாதவரிடத்தில் அது செல்லாது. நகரத்தார் பர்மாவில் லேவாதேவி நடத்தியபோது தமக்குள் எழுந்த பிணக்குகளைப் பெரும்பாலும் தமக்குள்ளேயே தீர்த்துக்கொண்டார்கள். பர்மிய விவசாயிக்குக் கொடுத்த கடனுக்கோ பிரிட்டிஷ் நீதிமன்றத்தையே நம்ப வேண்டியிருந்தது. பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த வரையில், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டமும் மதுரைக்கும் ரங்கூனுக்கும் பொதுவாக இருந்தன; ஓரிடத்தில் பெற்ற டிக்கிரியை மற்றோரிடத்து நீதிமன்றத்துக்கு மாற்றி நிறைவேற்றிக்கொள்ளலாம். கடலுக்கு இருபுறமும் ஒரே சட்டம் என்பது அந்த வணிகத்துக்குப் பெரும் பலம். 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா தனியாகப் பிரிந்தபோது அந்த ஒருமை குலையத் தொடங்கியது.

ஆனால் அதைவிட ஆழமான பாடம் ஒன்றும் அந்தச் சரித்திரத்தில் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டையொட்டி நெல் விலை வீழ்ந்தபோது, கடன்பட்ட விவசாயிகளின் நிலங்கள் ஈடு வழியாக நகரத்தார் கைக்கு மாறின. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. சட்டப்படி அந்தப் பத்திரங்களில் குற்றமில்லை. ஆயினும் நிலமிழந்த மக்கள் அந்தச் சட்டத்தைத் தமக்குரிய நியாயமாக ஏற்கவில்லை. 1948-இல் சுதந்திரம் பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. கடன் கொடுத்தவருக்கு மட்டும் விரைந்து பயன்படும் நியாயஸ்தலம், கடன் கொடுத்தவரையும் நெடுநாள் காப்பாற்றுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் சரித்திரத்தில் அரிது.

கிளை வந்த பிறகு

1862-இல் சென்னையில் உயர் நீதிமன்றம் ஏற்பட்டது முதல் 142 ஆண்டுகள், திருநெல்வேலியில் பிறந்த வழக்கும் கரூரில் பிறந்த வழக்கும் சென்னையையே நாடின. தென் ஜில்லாக்களின் நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின், 1956-ஆம் ஆண்டின் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி பிறப்பித்த ஆணையால் நிரந்தரக் கிளை மதுரையில் தொடங்கியது. அப்போது 13 மாவட்டங்கள் அதன் அதிகார எல்லைக்குள் வந்தன. தூத்துக்குடியின் துறைமுகமும் உப்பளங்களும், கரூரின் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதியும், சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும், திண்டுக்கல்லின் தோல் பதனிடுதலும், போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகமும், மதுரையின் ரப்பர்ப் பொருள்களும் மல்லிகையும் அந்த எல்லைக்குள் அடங்குவன என்பதை நினைத்தால், தமிழகத்தின் ஏற்றுமதி வாழ்வில் ஒரு பெரும் பகுதிக்கு இதுவே வாசல் என்பது விளங்கும்.

வாசல் அருகே வந்ததன் பயன் பெரிய ஸ்தாபனங்களைவிடச் சிறு வியாபாரிகளுக்கே அதிகம். பெரிய ஸ்தாபனத்துக்குச் சென்னையில் வக்கீலும் காரியாலயமும் முன்பே இருந்தன. ஒரு பெட்டகச் சரக்கில் தம் ஆண்டு மூலதனத்தின் பெரும்பங்கைப் போட்டவரோ, வாய்தா தோறும் இரவு ரயிலில் சென்னை சென்று திரும்பும் செலவையும் தங்கும் செலவையும் எண்ணி, இலாகா கேட்டதைக் கட்டிவிட்டு வாய்மூடியிருப்பதே மேல் என்று முடிவுசெய்யும் நிலையில் இருந்தார். உரிமை உண்டு என்பது வேறு, அந்த உரிமையைக் கேட்கும் செலவு தாங்கக்கூடியது என்பது வேறு.

ஆனால் அண்மை முழுமையானதன்று. சுங்கம் தொடர்பான மேல்முறையீடுகளைக் கேட்கும் தீர்ப்பாயமும், நொடித்த கம்பெனிகளின் விவகாரத்தை விசாரிக்கும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமும் சென்னையில்தான் அமர்கின்றன. வங்கிக் கடன் வசூல் தீர்ப்பாயம் மதுரையில் இருந்தாலும் அதன் மேல்முறையீடு சென்னைக்கே போகிறது. சென்னை நீதிமன்றத்துக்கு உள்ள அசல் சிவில் அதிகாரம் மதுரைக் கிளைக்குக் கிடையாது; ஆகவே இப்பகுதியின் வணிக வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடங்கவேண்டும். மாவட்ட நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்பதே, ஆகையால், இங்குள்ள வியாபாரியின் நம்பிக்கைக்கு அளவுகோலாகிறது.

காலத்துக்கு வரம்பு

அளவுகோல் நெடுங்காலமாகச் சாதகமாக இல்லை. உலக வங்கியின் தொழில் நடத்தும் எளிமை பற்றிய 2020-ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவுக்கு மொத்தத்தில் 190 நாடுகளுள் 63-ஆம் இடம் தந்தது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுவிப்பது என்னும் தலைப்பிலோ 163-ஆம் இடமே கிடைத்தது. ஒரு வணிக வழக்கு முடிய 1,445 நாட்கள் ஆவதாக அது கணித்தது. புள்ளிவிவரங்களில் முறைகேடு நேர்ந்ததால் அந்த அறிக்கை வரிசையே 2021-இல் கைவிடப்பட்டது. அதன் இந்தியக் கணக்கும் டெல்லியையும் மும்பையையும் மட்டுமே அளந்தது. ஆகவே அந்த எண்ணை மதுரைக்கு அப்படியே பொருத்துவது தகாது. உரிமம் வாங்குவதும் மின் இணைப்புப் பெறுவதும் எளிதான அளவுக்கு, வழக்கை முடிப்பது எளிதாகவில்லை என்னும் பொதுக் கருத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சீர்திருத்தம் முயலப்படாமல் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1999-லும் 2002-லும் செய்யப்பட்ட திருத்தங்கள் எதிர்வாதுரைக்கும் வாய்தாக்களுக்கும் வரம்பு கட்டின. அவற்றை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், 2002-லும் 2005-லும் உச்ச நீதிமன்றம் அத்திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும் கால வரம்பு கட்டாயமன்று, வழிகாட்டியே என்று கொள்ள அத்தீர்ப்பு இடமளித்தது. வரம்பைக் கண்டிப்பாக்கியது 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம். ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளுக்கென்று தொடங்கிய அச்சட்டம், 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 3 இலட்ச ரூபாய் மதிப்புள்ள விவகாரங்களுக்கும் விரிந்தது. எதிர்வாதுரையை 120 நாட்களுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் பிரதிவாதி அந்த உரிமையையே இழக்கிறார். நீதிபதி தொடக்கத்திலேயே விசாரணைக்குக் கால அட்டவணை வகுக்க வேண்டும். இடைக்கால உத்தரவுகளை எதிர்த்துச் சீராய்வு மனுப் போட்டு வழக்கை இழுக்கும் வழி அடைக்கப்பட்டது. அவசர நிவாரணம் கோராத வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சுக்குச் செல்லவேண்டும் என்னும் 12-ஏ பிரிவு கட்டாயமானது என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் இந்தியாவிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005 ஏப்ரலில், தோன்றியது என்பது தமிழகத்துக்குப் பெருமை.

இவற்றால் வணிகம் உண்மையில் வளருமா என்ற கேள்விக்குப் பொருளாதார அறிஞர்கள் ஆதாரத்தோடு விடை தேடியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தை நிலைநாட்டும் நீதிமன்றங்கள் வலுவாக உள்ள நாடுகள், வாங்குபவருக்கென்றே பிரத்தியேகமாகச் செய்யவேண்டிய பொருள்களின் ஏற்றுமதியில் முன்னிற்கின்றன என்று நேதன் நன் 2007-இல் காட்டினார். இதன் பொருளை மதுரைத் தொழிற்பேட்டை ஒன்றில் நேரே காணலாம். பஞ்சையும் உப்பையும் ஒருவர் வாங்க மறுத்தால் மற்றொருவருக்கு விற்றுவிடலாம். ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் அளவுக்கென்று அச்சு வெட்டி, கலவை சேர்த்து, அழுத்தி வார்த்தெடுத்த ரப்பர் வளையத்தை வாங்குபவர் மறுத்துவிட்டால், அச்சுக்குச் செலவிட்டதும் வீண், வார்த்த வளையமும் கழிவு. கரூரில் ஓர் அயல்நாட்டுக் கடையின் பெயரும் வண்ணமும் இட்டு நெய்த படுக்கை விரிப்பின் கதியும் அதுவே. நீதிமன்றத்தில் நம்பிக்கை குறைந்த இடத்தில் தொழிலதிபர் இத்தகைய நுட்பமான பொருளை விட்டு, எவருக்கும் விற்கக்கூடிய எளிய சரக்குக்கே திரும்புவார். இலாபமும் அதற்கேற்பக் குறையும். யோஹானஸ் போம், எஸ்ரா ஓபர்ஃபீல்ட் இருவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இந்தியத் தொழிற்சாலைகளிலேயே இந்தப் போக்கைக் கண்டது: வழக்குகள் தேங்கிய மாநிலங்களில், பிரத்தியேக உதிரிப் பொருள்களை வெளியாரிடம் வாங்க ஆலைகள் தயங்குகின்றன.

எல்லை கடந்த விவகாரம்

அயல்நாட்டு வணிகத்தில் சிக்கல் இரட்டிப்பாகிறது. தீர்ப்பு ஒரு நாட்டிலும் சொத்து மற்றொரு நாட்டிலும் இருக்கும். இந்தியா 1960-இல் நியூயார்க் உடன்படிக்கையை ஏற்றதால், அயல்நாட்டு நடுவர் தீர்ப்பை இங்கு நிறைவேற்றும் கடமையை மேற்கொண்டது. ஆயினும் அதில் நேர்ந்த தாமதம் நாட்டுக்கே தலைகுனிவைத் தந்த சம்பவம் ஒன்று உண்டு. ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஆஸ்திரேலியக் கம்பெனி, 1989-இல் கோல் இந்தியாவோடு செய்த நிலக்கரிச் சுரங்க ஒப்பந்தம் பற்றிய பிணக்கில் 2002-இல் நடுவர் தீர்ப்பைப் பெற்றது. அதை ரத்துசெய்யக் கல்கத்தாவிலும் நிறைவேற்ற டெல்லியிலும் நடந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் முடியவில்லை. கம்பெனி முதலீட்டு உடன்படிக்கையின் கீழ் இந்திய அரசின்மீதே சர்வதேச நடுவர் மன்றத்தில் முறையிட்டது. உரிமையை நிலைநாட்டப் பயனுள்ள வழிவகை அளிக்கத் தவறியது இந்தியா என்று அம்மன்றம் 2011 நவம்பரில் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் காலதாமதமே ஒரு நாட்டின் உடன்படிக்கை மீறலாக எண்ணப்பட்ட செய்தி அது. அதன் பின்னர் அரசு தன் முதலீட்டு உடன்படிக்கைகளின் மாதிரியையே 2015-இல் திருத்தி எழுதியது.

அயல்நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு வேறு வழி. 1937-இல் சிவில் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 44-ஏ பிரிவின்படி, இந்திய அரசு அறிவித்த நாடுகளின் மேல்நிலை நீதிமன்றங்கள் அளித்த பணத் தீர்ப்பை, இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நேராக நிறைவேற்றலாம். சிங்கப்பூர், மலாயா, ஐக்கிய இராஜ்யம், ஹாங்காங் முதலியவை அந்தப் பட்டியலில் உள்ளன. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் சேர்ந்தது. துபாய்க்குச் சரக்கு அனுப்பும் தென் தமிழக வணிகருக்கு இதனால் கடமையும் கூடுகிறது, நன்மையும் கூடுகிறது: தீர்ப்பு இங்கும் தொடரும் என்று அறிந்த அயல்நாட்டார் அதிக நம்பிக்கையோடு கடன் தருவர். கடலுக்கு அப்பால் மிக அருகே இருக்கும் இலங்கையின் பெயர் அப்பட்டியலில் இல்லை. அமெரிக்காவின் பெயரும் இல்லை. அந்நாடுகளின் தீர்ப்பைப் பெற்றவர் அதை ஆதாரமாக வைத்து இங்கே புதிய வழக்கே தொடுக்க வேண்டும். கொழும்பும் தூத்துக்குடியும் கப்பல் வழியில் இவ்வளவு நெருங்கியிருக்க, அவற்றின் நீதிமன்றங்கள் ஒன்றையொன்று அறியாதவைபோல் இருப்பது இரு கரையின் வணிகத்துக்கும் நல்லதன்று.

டிக்கிரிக்குப் பின்

இத்தனைக்கும் பின்னர் எஞ்சி நிற்பதே மிகக் கடினமான பகுதி. இந்தியாவில் வழக்காடியின் துன்பம் டிக்கிரி கிடைத்த பிறகே தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே கருத்துரைத்தது. நிறைவேற்று மனு தாக்கலாகும். சொத்து விவரம் தேடவேண்டும். ஜப்திக்கு அமீனா செல்லும் நாளில் கடை பூட்டியிருக்கும். சொத்து மைத்துனர் பெயரில் இருப்பதாக ஒரு மூன்றாம் மனிதர் ஆட்சேபம் தொடுப்பார். அந்த ஆட்சேபமே மற்றொரு வழக்காக வளரும். 1980-ஆம் ஆண்டின் நில விற்பனை ஒப்பந்தத்திலிருந்து கிளைத்து, தமிழகத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை சென்ற பெரியம்மாள் வழக்கில், 2025 மார்ச்சில் அந்நீதிமன்றம் மிகுந்த வேதனை தெரிவித்து, நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க ஏற்பாடு செய்யுமாறு எல்லா உயர் நீதிமன்றங்களையும் பணித்தது. பின்னர் திரட்டப்பட்ட கணக்கில் நாடு முழுவதும் 8.8 இலட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் நிலுவையில் இருந்தன. அவற்றுள் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 86,000. தீர்ப்புப் பெற்றும் அதன் பயனைப் பெறாதவர்களின் தொகை இது. வணிக நீதிமன்றச் சட்டம் தீர்ப்புக்கு வரையறுத்த காலமெல்லாம் இந்த வாசலில் வந்து பயனற்றுப் போகிறது.

வேகம் வேண்டும் என்று வற்புறுத்தும்போது பர்மாவின் பாடத்தையும் மறக்கலாகாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த கடன் வசூல் தீர்ப்பாயங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் சுஜாதா விசாரியா, அவற்றால் கடன் தவணை தவறுவது குறைந்ததைக் கண்டார். பின்னர் அவரே திலீப் முகர்ஜி முதலியோரோடு செய்த ஆய்வு, பெரிய கடனாளிகளுக்குக் கடன் பெருகியபோது சிறியோர்க்கு அது சுருங்கியதைக் காட்டியது. வலியவருக்கு மட்டும் உதவும் சீர்திருத்தம் பாதிச் சீர்திருத்தமே. சிறு தொழிலுக்குப் பணம் தராத பெரிய கொள்முதலாளர், 45 நாட்களுக்கு மேல் தாமதித்தால் வங்கி விகிதத்தின் மும்மடங்குக் கூட்டு வட்டி தரவேண்டும் என்றும், தீர்ப்பை எதிர்ப்பதற்கு முன் 75 சதவீதத்தைக் கட்டவேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது இந்தக் குறையை உணர்ந்தே. அந்தச் சட்டப்படி இப்பிணக்குகளைத் தீர்க்கும் மன்றங்கள் தளராமல் நடக்கின்றனவா என்பதைக் கவனிப்பதும் நீதித்துறைச் சீர்திருத்தத்தின் பகுதியே.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு மாவட்ட வணிக நீதிமன்றமும், வழக்குத் தாக்கலானதிலிருந்து தீர்ப்புவரை எத்தனை நாள், தீர்ப்பிலிருந்து பணம் கைக்கு வரும்வரை எத்தனை நாள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். நிலுவையின் எண்ணிக்கையைவிட வணிகருக்குப் பயன்படுவது அந்தக் கணக்கே. நிறைவேற்றும் பகுதிக்குப் போதிய அமீனாக்களையும் சொத்து விவரங்களை அறியும் வசதியையும் அளிக்கவேண்டும். சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் கம்பெனித் தீர்ப்பாயமும் குறித்த காலங்களில் மதுரையில் அமரவேண்டும். இலங்கையோடு பரஸ்பரத் தீர்ப்பு நிறைவேற்றத்துக்கு உடன்பாடு காணவேண்டும். இவற்றுள் எதற்கும் அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. நிதியும் ஆளும் உறுதியும் போதும். தென் தமிழகம் கிளைக்காகப் பல்லாண்டு போராடி அண்மையைப் பெற்றது; அதே ஊக்கத்தோடு தீர்ப்பின் நிறைவேற்றத்தையும் கோரவேண்டும். சலுகைகளையும் மானியங்களையும் அறிவித்து முதலீட்டாளரை அழைப்பதைவிட, இந்த மண்ணில் செய்த ஒப்பந்தம் இத்தனை நாளில் நிறைவேறும் என்று எந்த நாட்டாரிடமும் தயங்காமல் சொல்லக்கூடிய நிலைமையை உண்டாக்குவதே அரசுக்கும் நீதித்துறைக்கும் உரிய முதற்கடமை என்பது என் திடமான அபிப்பிராயம்.